மொட்டைக் கடுதாசியும் மூன்று புள்ளியும்

காவல் நிலையத்தில் அவளுடைய போனை வாங்கியவர் ஸ்கிரீன்ஷாட்டை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார், சின்னதாக்கிப் பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "லிங்க் எங்கம்மா?" என்றார். அவளுக்குப் புரியவில்லை. அம்மாவுக்கும் புரியவில்லை. "படம்தான் இருக்குதே சார்" என்றார் அம்மா. படத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, லிங்க்கோடு வாங்க என்று அனுப்பிவிட்டார்கள்.

கொடுங்கையூரில் சனிக்கிழமை மாலைகளில் ஒரு வீட்டு மாடியறையில் நாங்கள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடிப் புத்தகம் படிப்போம். தையல் வேலைக்குப் போகிறவர்கள், கல்லூரி மாணவிகள், என்னைப் போல வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒன்றிரண்டு பேர். அந்தச் சனிக்கிழமை யாரும் புத்தகத்தைத் திறக்கவில்லை. அவள் தெருவில் நடந்துபோகும்போது யாரோ எடுத்த படம். கீழே சொல்லக் கூசும் ஒரு வரியும் பக்கத்துத் தெருவின் பெயரும். போட்டது போலிக் கணக்கு. பதற்றத்தில் அவள் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தன் முகமும் அந்த வரியும் மட்டும் தெரியும்படி ஓரங்களை வெட்டிவிட்டிருந்தாள். கணக்கின் பெயரும் தேதியும் வெட்டுப்பட்ட ஓரங்களோடு போயிருந்தன. வீட்டுக்குத் திரும்பித் தேடினால் அந்தக் கணக்கே இல்லை. பெயரை மாற்றியிருந்தான்.

"லிங்க்கு எங்கக்கா இருக்கும்?" என்று கேட்டாள். இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கான என் நீண்ட பதில். அன்று சொன்ன பதில் இரண்டே நிமிடம்தான் பிடித்தது.

அவளுடைய வகுப்புத் தோழி ஒருத்தி அந்தப் பதிவை முதலில் பார்த்து இன்ஸ்டாகிராம் வழியாகவே இவளுக்கு அனுப்பியிருந்தாள். அந்த உரையாடலைத் திறந்து தொட்டதும் பதிவு வந்தது. மேலே வலது மூலையில் மூன்று புள்ளி. அதைத் தொட்டால் வரும் பட்டியலிலோ, பகிரும் அம்புக்குறியிலோ 'காப்பி லிங்க்' என்று இருக்கும். எடுத்து எனக்கு அனுப்பச் சொன்னேன். இன்ஸ்டாகிராம் ஒவ்வொரு பொதுப் பதிவுக்கும் 11 எழுத்துகள் கொண்ட ஒரு குறியீட்டைத் தருகிறது. கணக்குக்காரன் தன் பெயரை நூறு முறை மாற்றினாலும் அந்த 11 எழுத்து மாறாது. ட்விட்டரில், இப்போதைய எக்ஸில், பதிவின் கீழே இருக்கும் தேதியே அதன் முகவரிக்கு வாசல். கணினியில் ஃபேஸ்புக்கிலும் பெயருக்குக் கீழே சாம்பல் நிறத்தில் தெரியும் நேரத்தைச் சொடுக்கினால் அந்தப் பதிவு மட்டும் தனியாகத் திறக்கும். எக்ஸ் பதிவின் முகவரியில் வரும் நீள எண்ணுக்குள் அது எழுதப்பட்ட நேரமும் மில்லி நொடிக் கணக்கில் பொதிந்திருக்கிறது. 2010 முதல் அப்படித்தான் எண் கொடுக்கிறார்கள். எழுதியவர் நேரத்தைப் பற்றிப் பொய் சொன்னாலும் எண் சொல்லிவிடும்.

இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன். இன்ஸ்டாகிராம் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் தொங்கும் வாலை வெட்டிவிட்டுப் பகிருங்கள். அந்த வால் பகிர்ந்தது யார் என்பதைத் தொடர உதவும். ஃபேஸ்புக்கில் கண்ணை மூடிக்கொண்டு வெட்டக் கூடாது. அங்கே சில முகவரிகளில் கேள்விக்குறிக்குப் பின்னால்தான் பதிவின் எண்ணே இருக்கும். வெட்டினால் போச்சு.

முகவரி என்ற சொல்லைத் தெரிந்தேதான் போடுகிறேன். கொடுங்கையூர்க்காரர்களுக்கு முகவரி என்ன செய்யும் என்று யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. சென்னையின் குப்பை 1980களிலிருந்து இங்கே வந்து குவிகிறது. வேலைக்கான விண்ணப்பத்தில் பெரம்பூர் என்றோ எம்.கே.பி. நகர் என்றோ எழுதிய தலைமுறை எங்களுடையது. பெண் பார்க்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிப் போன கதைகள் எழில் நகரில் வீட்டுக்கு ஒன்று உண்டு. முகவரியை மறைப்பதில் தேர்ந்த எங்களிடம் இப்போது முகவரியைக் கண்டுபிடித்துக்கொண்டு வா என்கிறார்கள்.

இணையத்தில் ஒவ்வொரு பதிவுக்கும் தனி முகவரி என்பது ஆரம்பத்தில் கிடையாது. வலைப்பூக்களின் முதல் காலத்தில் ஒருவர் எழுதுவதெல்லாம் ஒரே பக்கத்தில் மேலிருந்து கீழாக அடுக்கப்படும். புதியது வர வரப் பழையது கீழே தள்ளப்பட்டுக் காணாமல் போகும். 'அவர் போன வாரம் எழுதியது' என்றுதான் சொல்ல முடியும், சுட்ட முடியாது. 2000ஆம் ஆண்டு வாக்கில் பிளாகர் சேவையிலும் சில தனி வலைப்பதிவுகளிலும் ஒவ்வொரு பதிவுக்கும் நிலையான முகவரி கொடுக்கும் வழக்கம் வந்தது. பிளாகரை உருவாக்கிய நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர் மெக் ஹூரிஹன் என்ற பெண். வலைப்பதிவு என்பது என்ன என்று 2002இல் அவர் எழுதிய கட்டுரையில், எழுதும் விஷயத்தைவிட அதன் வடிவமே வலைப்பதிவை வலைப்பதிவாக்குகிறது என்றார். அந்த வடிவத்தின் உறுப்புகளில் ஒன்றாக இந்த நிலையான முகவரியைச் சொன்னார். பிளாகரின் கதையில் பெரும்பாலும் கூட இருந்த ஆணின் பெயர்தான் வரும், அவர்தான் பிறகு ட்விட்டரையும் தொடங்கியவர்களில் ஒருவர். ஹூரிஹனின் பெயர் அடிக்குறிப்புக்குப் போய்விட்டது.

தமிழில் 2004இல் தமிழ்மணம் திரட்டி வந்த பிறகு வலைப்பதிவுகள் பெருகின. அப்போது புழங்கிய சொல் 'சுட்டி'. 'சுட்டி கொடுங்க' என்பார்கள். எவ்வளவு நல்ல சொல்! சுட்டுவது விரலின் வேலை. இதோ, இவர், இந்த நாளில், இந்தச் சொல்லைச் சொன்னார் என்று விரலை நீட்டுவது. பெண்கள் விரல் நீட்டிப் பேசக் கூடாது என்று வளர்க்கப்பட்ட ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரு கூடுதல் பொருளும் உண்டு. பிற்பாடு ஏனோ 'லிங்க்' அதை விழுங்கிவிட்டது.

சுட்டிக்கு நேர் எதிரான ஒன்றுக்கு நம்மிடம் மிகப் பழைய பெயர் இருக்கிறது. மொட்டைக் கடுதாசி. அனுப்பியவர் பெயரோ முகவரியோ கையெழுத்தோ இல்லாத கடிதம். ஆபீசில் மேலதிகாரிக்கும் போகும் என்றாலும், நம் குடும்பக் கதைகளில் அது பெரும்பாலும் கல்யாணம் நிச்சயமான பெண்ணின் மாமியார் வீட்டுக்குத்தான் போகும். என் சித்தி ஒருத்தியின் கல்யாணம் அப்படி ஒரு இன்லேண்ட் கவரால் நின்றது. எழுதியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. கடிதத்தை யாரும் பாதுகாக்கவில்லை, அடுப்பில் போட்டார்கள். அதில் எழுதியிருந்தது மட்டும் நாற்பது வருடம் ஊரில் இருந்தது.

அச்சில் இதை அனுமதிக்கக் கூடாது என்று அரசுக்கு எப்போதோ தோன்றிவிட்டது. 1867ஆம் ஆண்டின் அச்சகம் மற்றும் நூல் பதிவுச் சட்டம், இந்தியாவில் அச்சாகும் ஒவ்வொரு நூலிலும் செய்தித்தாளிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் இருக்க வேண்டும் என்றது. பிரிட்டிஷ்காரர்களுக்கு அது பெண்களின் மானத்தைப் பற்றிய கவலை அல்ல, தங்களுக்கு எதிராக எழுதுகிறவனைப் பிடிப்பதற்கான வழி. ஆனாலும் பழைய நோட்டீசின் அடியில் பொடி எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கிறதே, அது ஒரு சுட்டிதான். கேட்டுக்கொண்டு போய் நிற்க ஒரு கதவு.

கதவு இருந்தால் நியாயம் கிடைத்ததா என்றால், சென்னையின் மிகப் பிரபலமான மஞ்சள் பத்திரிகைக் கதையே பதில் சொல்லும். 1940களில் லட்சுமிகாந்தன் 'சினிமா தூது', 'இந்துநேசன்' இதழ்களில் நடிகர் நடிகைகளின் அந்தரங்கம் என்று எழுதித் தள்ளினார். 1944 நவம்பரில் வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். எம்.கே. தியாகராஜ பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போனார்கள், வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில்வரை போனது, 1947இல் இருவரும் விடுதலையானார்கள். நமக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எழுதியவன், குத்துப்பட்டவன், சிறைக்குப் போனவர், வாதாடியவர் என எல்லாரும் ஆண்கள். அந்தப் பக்கங்களில் யாருடைய உடம்பைப் பற்றி எழுதி விற்றார்களோ அந்த நடிகைகள் என்ன ஆனார்கள், வேலை போனதா, வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு பத்தி எழுதியவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். எண்பது வருடமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் ஒரு வழக்கு அது!

அச்சிட்டவருக்குச் சட்டம் வந்தது. அச்சிட்டதைக் கைமாற்றி விடுகிறவரின் கதை நம் காலத்தில்தான் நீதிமன்றத்துக்கு வந்தது, அதுவும் நம் ஊரிலேயே. 2018 ஏப்ரல் 17 அன்று சென்னை ராஜ்பவனில் ஆளுநர் பன்வாரிலால் புரோகித் பத்திரிகையாளர்களைச் சந்தித்தார். முடிவில் கேள்வி கேட்ட ஒரு பெண் பத்திரிகையாளருக்குப் பதில் சொல்லாமல் அவர் கன்னத்தைத் தட்டினார். அந்தப் பெண் அதை அன்றே ட்விட்டரில் எழுதினார். பலமுறை முகம் கழுவியும் அந்த உணர்வு போகவில்லை என்று எழுதியது பலருக்கும் நினைவிருக்கும். மறுநாள் ஆளுநர் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதினார்.

அடுத்த ஓரிரு நாளில், நடிகரும் அப்போது பாரதிய ஜனதாவில் இருந்தவருமான எஸ்.வி. சேகர் ஒரு ஃபேஸ்புக் பதிவைப் பகிர்ந்தார். எழுதியவர் அமெரிக்காவில் இருந்த வேறொருவர். பெண் பத்திரிகையாளர்கள் எப்படி வேலைக்கு வருகிறார்கள் என்று அதில் இருந்ததை இங்கே திரும்ப எழுதப் போவதில்லை. எதிர்ப்பு வந்ததும் பதிவை நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். படிக்காமல் பகிர்ந்துவிட்டேன் என்றார். பகிர்ந்தது நானில்லை என்று சொல்ல வழியில்லை. அவர் பெயரில், அவர் பக்கத்தில், ஒரு நேரத்தோடு அது நின்றிருந்தது.

2018 மே மாதம் முன்ஜாமீன் மனுவைத் தள்ளுபடி செய்த சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி எஸ். ராமதிலகம், ஒரு செய்தியைப் பகிர்வது அதை ஏற்றுக்கொண்டு ஆமோதிப்பதற்குச் சமம் என்றார். 2023 ஜூலையில் வழக்கை ரத்து செய்ய மறுத்த நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், சமூக ஊடகத்தில் அனுப்பிய செய்தியை வில்லிலிருந்து புறப்பட்ட அம்புக்கு ஒப்பிட்டார். அனுப்பும்வரைதான் அது அனுப்புகிறவர் கையில், பிறகு விளைவுக்கு அவர் பொறுப்பு, மன்னிப்பால் அது கழியாது என்பது சாரம். அதே ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தில், கண்ணில் சொட்டு மருந்து விட்டிருந்ததால் படிக்காமல் பகிர்ந்தார் என்று அவர் தரப்பில் சொல்லப்பட்டது. எடுபடவில்லை. 2024 பிப்ரவரியில் சென்னை சிறப்பு நீதிமன்றம் ஒரு மாதச் சிறையும் 15,000 ரூபாய் அபராதமும் விதித்தது. 2025 ஜனவரியில் உயர்நீதிமன்றம் அதை உறுதி செய்தது. கன்னத்தில் தட்டியதிலிருந்து அதுவரை ஆறே முக்கால் வருடம்.

எனக்கு இந்தத் தீர்ப்பில் மகிழ்ச்சி உண்டு, ஒரு நெருடலும் உண்டு. பகிர்வதெல்லாம் ஆமோதிப்பு என்றால், 'பாருங்கள், இவன் என்னை இப்படி எழுதியிருக்கிறான்' என்று ஒரு பெண் அந்தப் பதிவின் சுட்டியை எடுத்துப் போடுவது என்ன? அதுவும் பகிர்வுதானே. பொத்தானை அழுத்திப் பதிவைத் தன் சுவரில் ஒட்டுவதும், ஒரு பதிவை நோக்கி விரல் நீட்டுவதும் ஒரே செயல் இல்லை. பெண்களுக்கு இந்த வித்தியாசம் உயிர்நாடி.

அதை எனக்குத் தெளிவாகக் காட்டியவை 2018 அக்டோபரின் இரண்டு பதிவுகள். பத்திரிகையாளர் ப்ரியா ரமணி 2017இல் வோக் இந்தியா இதழில் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். இளம் வயதில் வேலைக்கான நேர்காணலுக்கு ஓட்டல் அறைக்கு அழைக்கப்பட்ட அனுபவம் அது. ஆசிரியர் பெயர் அதில் இல்லை. ஒரு வருடம் அந்தக் கட்டுரையால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. 2018 அக்டோபர் 8 அன்று அந்தப் பழைய கட்டுரையின் சுட்டியைக் கொடுத்து, அதைத் தொடங்கியது எம்.ஜே. அக்பரின் கதையோடுதான் என்று ட்வீட் செய்தார். அவ்வளவுதான். அக்பர் அப்போது ஒன்றிய வெளியுறவு இணையமைச்சர். குற்றச்சாட்டை மறுத்தார், பதவி விலகினார், அவதூறு வழக்குத் தொடர்ந்தார். அதே அக்டோபரில் தமிழில் கவிஞரும் இயக்குநருமான லீனா மணிமேகலை, 2017இல் பெயர் சொல்லாமல் ஃபேஸ்புக்கில் எழுதியிருந்த ஒரு சம்பவத்துக்கு இப்போது பெயர் கொடுத்தார். இயக்குநர் சுசி கணேசன் என்றார். அவரும் மறுத்தார், அவரும் அவதூறு வழக்குப் போட்டார். 2021இல் லீனாவின் கடவுச்சீட்டு முடக்கப்பட்டது. அந்த உத்தரவை உயர்நீதிமன்றம் ரத்து செய்ய வேண்டியிருந்தது.

இரண்டிலும் பழைய எழுத்து ஏற்கெனவே ஒரு முகவரியில் காத்திருந்தது. நேற்று யோசித்துச் சொன்னது இல்லை, ஊர் பேசத் தொடங்கும் முன்பே எழுதியது என்பதை அந்தத் தேதி காட்டியது. மொட்டைக் கடுதாசியின் எதிர்த்திசை இது. எழுதுகிறவள் தன் பெயரோடும் நாளோடும் நிற்கிறாள். அதே அக்டோபரில் சின்மயி வெளியிட்ட செய்திகள் பல, பெயர் சொல்ல முடியாத பெண்கள் அவருக்குத் தனியே அனுப்பியவை. தனிச் செய்திக்குப் பொது முகவரி கிடையாது. ஆகவே சின்மயியின் பெயரே அவற்றுக்கு முகவரியானது. கதவைத் தட்டியவர்கள் எல்லாரும் அவர் கதவைத்தான் தட்டினார்கள். அந்த நவம்பரில் டப்பிங் சங்கத்திலிருந்து அவர் நீக்கப்பட்டார். சந்தா பாக்கி என்று காரணம் சொன்னார்கள்.

ரமணி வழக்கில் இன்னொரு திருப்பம். விசாரணை நடந்துகொண்டிருந்தபோது அவர் தன் ட்விட்டர் கணக்கை மூடிவிட்டார். சாட்சியத்தை அழித்துவிட்டார் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. நான் எழுதியதை மறுக்கவே இல்லையே, பிறகென்ன அழிப்பது என்றது ரமணி தரப்பு. 2021 பிப்ரவரி 17 அன்று டெல்லி நீதிமன்றம் அவரை விடுவித்தது. பல ஆண்டுகள் கழித்தும், தான் விரும்பும் எந்தத் தளத்திலும் தன் குறையைச் சொல்லப் பெண்ணுக்கு உரிமை உண்டு என்றது. வென்ற பெண்ணின் பதிவுக்கும் இந்தக் கதிதான். சுட்டி நிலையானது என்கிறோம், அது நிறுவனத்தின் தயவிலும் கணக்கு வைத்திருப்பவரின் மனநிலையிலும் நிற்கிறது.

சுட்டி இல்லாவிட்டால் புகார் இல்லை என்ற நிலைக்கு இன்னொரு முகம் உண்டு. அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வரும். அந்தரங்கப் படம் பரவும்போது அதன் சுட்டிகளைத் தேடித் தொகுத்துத் தர வேண்டியவள் யார்? அந்தப் பெண். தினமும் காலையில் எழுந்து தன் உடம்பைத் தேடல் பெட்டியில் தேடுவது அவள் வேலையாகிறது. 2023 ஏப்ரலில் டெல்லி உயர்நீதிமன்றம், ஒருமுறை நீக்க உத்தரவான படம் மறுபடி முளைக்கும்போது ஒவ்வொரு முறையும் புது முகவரியோடு வா என்று தேடுபொறிகள் அந்தப் பெண்ணை அலைக்கழிக்கக் கூடாது என்றது. 2025 ஜூலையில் சென்னையில் ஒரு பெண் வழக்கறிஞர், முன்னாள் காதலர் ரகசியமாக எடுத்துப் பரப்பிய காட்சிகளுக்காக நீதிமன்றம் வந்தார். முன்னே சொன்ன அதே நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், 48 மணி நேரத்தில் நீக்கும்படி ஒன்றிய அரசுக்கு உத்தரவிட்டார். நீக்கியவை வேறு தளங்களில் திரும்ப வந்தன. அந்த வழக்கின் தொடர்ச்சியாக அந்த நவம்பரில், இப்படிப் பாதிக்கப்படுகிறவர்கள் எங்கே எப்படிப் புகார் செய்யலாம் என்ற வழிமுறையை ஒன்றிய அரசு வெளியிட்டது. வழக்கறிஞருக்கே அவ்வளவு அலைச்சல். எங்கள் மாடியறைப் பெண்களை நினைத்துக்கொண்டேன்.

எங்கள் பெண்ணின் கதைக்குத் திரும்புகிறேன். சுட்டி கிடைத்ததும் பதிவு முழுவதையும் கணக்கின் பெயர், தேதி, கருத்துகளோடு மறுபடி படமெடுத்தோம். ஒரு போனில் அந்தப் பதிவைத் திறப்பதை இன்னொரு போனால் வீடியோ எடுத்தோம். தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில், பெண்கள் குழந்தைகள் தொடர்பான பிரிவில், சுட்டியோடு பதிந்தோம். அந்தப் பிரிவில் பெயர் சொல்லாமலும் புகார் தரலாம் என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்த பிறகும் தன் பெயரைத்தான் போட்டாள். நீதிமன்றம்வரை போனால் மின்னணுச் சாட்சியத்துக்குச் சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தில் 63ஆம் பிரிவு. அதை ஒரு தோழர் வழக்கறிஞர் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். கூட்டத்தில் யாரும் அந்தச் சுட்டியை வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது, திட்டுவதற்காகக்கூட, என்று முடிவு செய்தோம். ஒவ்வொரு பார்வையும் அந்தப் பதிவுக்கு உரம்.

ஆனால் படம் இதற்குள் எங்கள் பகுதியின் இரண்டு வாட்ஸாப் குழுக்களுக்குப் போயிருந்தது. வாட்ஸாப் செய்திக்கு முகவரியே கிடையாது. மூன்று புள்ளியைத் தொட்டுப் பயனில்லை. முதலில் அனுப்பியவன் யாரென்று அந்தச் செய்தி சொல்லாது. 'பலமுறை முன்னனுப்பப்பட்டது' என்ற இரட்டை அம்பு மட்டும் இருக்கும். அசல் மொட்டைக் கடுதாசி. அங்கே எங்களால் செய்ய முடிந்தது, குழுவில் இருந்த இரண்டு அக்காமார் அனுப்பியவனின் எண்ணும் நேரமும் தெரியும்படி படமெடுத்து வைத்ததும், அவன் வீட்டுக்கே போய் அவன் அம்மாவிடம் காட்டியதும்தான்.

மறுமுறை நிலையத்துக்குப் போகும் முந்தின நாள் இரவு, அவளுடைய அம்மா ஒரு நாற்பது பக்க நோட்டோடு வந்தார். ரேஷன், கேஸ், சீட்டுக் கணக்கு எழுதும் நோட்டு. போனைச் சாட்சியாக வாங்கி வைத்துக்கொண்டால் எப்போது திருப்பித் தருவார்களோ, அதனால் அந்த லிங்க்கைக் கையால் எழுதித் தாருங்கள் என்றார். நான் சொல்லச் சொல்ல அவரே எழுதினார். ஆங்கிலம் எழுத்துக்கூட்டித்தான் வரும். அந்த 11 எழுத்துகளில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு வேறு, ஒன்று மாறினாலும் பக்கம் திறக்காது என்றேன். "இந்த ஐ பெரிசா சின்னதா?" என்று கேட்டார். அது ஐ இல்லை, சின்ன எல் என்றேன். அடித்துவிட்டுத் திருத்தினார். எழுதி முடித்ததும் பெண்ணின் போனில் ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பார்க்கச் சொன்னார். முதல் தடவை திறக்கவில்லை. நோட்டை விளக்குக்குக் கீழே பிடித்துக்கொண்டு, விரலை வைத்து, முதலிலிருந்து ஆரம்பித்தார்.